வீட்டைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு நாவல் மனசைத் தேற்றுமா?

கேள்வி: 2025 ஜனவரி 11, இரவு

வணக்கம். கொஞ்ச நாளாக ஜப்பான், கொரியா பக்கத்து நாவல்களை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காப்பிக்கடை, ஒரு புத்தகக்கடை, ஒரு பூனை. யாரோ இறந்திருப்பார்கள், யாருக்கோ வீடு போயிருக்கும், கடைசியில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படித்து முடித்தால் மனசு லேசாகிவிடுகிறது. தமிழில், அதுவும் நம் மலேசியப் பினாங்கை வைத்து, இப்படி ஒன்று எழுத முடியாது என்பது என் கட்சி. நம் கதையில் வீடு போனால் போனதுதான். மனசு தேற வேண்டுமென்றால் கடைசியில் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பொய், கொடுக்காவிட்டால் ஒப்பாரி. மூன்றாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 12, காலை

இருக்கு தம்பி. அப்படி ஒரு வீட்டிலிருந்து சட்டிபானையோடு கிளம்பி வந்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுனில், கிங் ஸ்ட்ரீட்டில், ஒரு கடைவீட்டு மாடியில் பின்பக்கத்து அறை. அப்பாவுக்குத் தொங்கான் என்ற சரக்குப் படகில் வேலை. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1969இல் பினாங்குக்கு இருந்த வரியில்லாத் துறைமுகம் என்ற அந்தஸ்து போயிற்று. சரக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அக்கரைக்கு, பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. அப்பா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கப் போனார். வீடு மட்டும் மாறவில்லை. ஒரே கூரைக்குக் கீழே நான்கு குடும்பம். கீழே முற்றத்தை ஒட்டி ஒரே சமையல்கட்டு, அதில் நான்கு கரி அடுப்பு.

2000இல் காலி செய்தோம். வீட்டுக்காரர் துரத்திவிட்டார். அந்த வீடு எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அம்மா உயிரோடிருந்த மூன்று வருஷத்தை நினைத்தால் எனக்கு ஒப்பாரி வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று எழுத முடிந்தால் அதுதான் நீங்கள் கேட்ட நாவல்.

பேரன் எழுந்துவிட்டான். பிறகு வருகிறேன்.

ஜனவரி 12, இரவு

சின்ன வயசுக்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். 1948க்கு முன்னே கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்ற முடியாதபடி ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1966இல் போட்டது. நாட்டிலேயே அதில் அடங்கிய வீடுகள் அதிகம் இருந்தது பினாங்கில்தான். அந்தச் சட்டத்தை எடுத்துவிட 1997இல் இன்னொரு சட்டம் வந்தது. 1999 கடைசி வரைக்கும் தவணை. 2000 ஜனவரி 1லிருந்து வாடகை வீட்டுக்காரர் சொன்னது.

அந்த டிசம்பர் 31 ராத்திரி எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கு. உலகம் முழுக்க கம்ப்யூட்டர் நின்றுபோகும், விமானம் விழும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் கம்ப்யூட்டர் கிடையாது. அஞ்சடியில், அதான் கடைவீட்டு முன் நடையில், நாற்காலி போட்டு எல்லாரும் விழித்திருந்தோம். பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பலெல்லாம் ஒரே நேரத்தில் ஊதின. பக்கத்து வீட்டில் ஊதுபத்தியும் சாமிக் காகிதமும் விற்கிற சீனத்தி எழுந்து வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எங்கள் அம்மாவை விட இரண்டு வயசு கூட. இரண்டு பேரும் ஹொக்கியன் என்ற சீன மொழியில்தான் பேசுவார்கள். அம்மாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, ஹொக்கியனில் சண்டை போடவே தெரியும்.

நாவல் இந்த ராத்திரியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். எல்லாரும் இன்னும் இருக்கிறார்கள், வீடும் இருக்கு, கப்பல் ஊதுது.

ஜனவரி 15

நேற்று பொங்கல். பிளாட்டில் கேஸ் அடுப்பில்தான் பால் பொங்கியது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்போம், கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். வருஷா வருஷம் அவளுக்கு ஒரு கிண்ணம் போகும்.

தம்பி மறுபடியும் கேட்டிருக்கிறார், “அந்த மூன்று வருஷத்தில் அப்படி என்னதான் நடந்தது?” என்று. ஒன்றும் நடக்கவில்லை தம்பி. ஆயர் ஈத்தாம் பக்கம் பதினான்காவது மாடியில் குடியேறினோம். முதல் மாதம் அம்மா பேசவே இல்லை. கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நடையையே பார்த்துக்கொண்டு நிற்பார். கிங் ஸ்ட்ரீட்டில் கதவைத் திறந்தால் தெரு. இங்கே கதவைத் திறந்தால் இன்னொரு கதவு, அதுவும் சாத்தியிருக்கும். இரண்டாவது மாதம் அந்த மாக்சிக் வந்து, கறிவேப்பிலை இருக்கா என்று கேட்டாள். இல்லை. மறுநாள் அம்மா என்னை அனுப்பி ஒரு செடி வாங்கி, பெயிண்ட் டின்னில் வைத்து, நடையில் இரண்டு கதவுக்கும் நடுவில் வைத்தார். யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். பேச்சு அங்கிருந்துதான் மறுபடி ஆரம்பித்தது.

2003இல் அம்மா போய்விட்டார். நடுச்சாமத்தில், தூக்கத்திலேயே. மறுநாள் எடுக்கும்போது பெட்டி லிப்டுக்குள் போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். அண்ணன் “வேண்டாம், அம்மாவை நிக்க வைக்காதீங்க” என்று ஒரு சத்தம் போட்டார். படியில்தான் இறக்க வேண்டும். பதினான்கு மாடி. படிக்கட்டு விளக்கு பாதி எரியாது. மாக்சிக்கின் மகன் முன்னால் ஓடி ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவர் டார்ச் லைட்டோடு வந்து நின்றார்கள். மலாய்க்காரர், சீனர், நாங்கள் பேர்கூடக் கேட்டிராத ஆட்கள். வெளிச்சத்தைப் படியில் மட்டும் அடித்தார்கள், பெட்டி மேல் அடிக்கவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது, கிங் ஸ்ட்ரீட் சீனத்தி இரண்டு பஸ் மாறி வந்து, கையில் மஞ்சள் பூவோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்பாவை எடுத்தபோது தெருவே வந்தது. அதனால் இந்தப் பிளாட்டில் அம்மாவுக்கு யார் வருவார்கள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

ஜனவரி 16

ஈப்போவிலிருந்து இங்கே எழுதிய தங்கச்சிக்கு: “கொஞ்சம் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது அக்கா, பதினான்கு மாடியிலும் ஆள் நின்றார்களா?” என்று கேட்டது நல்ல கேள்வி. எனக்கு அப்படித்தான் ஞாபகம். அண்ணன்தான் பெட்டியின் தலைமாட்டைப் பிடித்தவர். அவரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அக்கரைக்குப் போகும் பெரிப் படகு பற்றிச் சிலர் தொடங்கிய பேச்சை இங்கே வளர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் அந்த இரண்டடுக்குப் பெரி என்றால் உயிர்தான். 2020 டிசம்பர் 31இல் அது நின்றபோது ஜெட்டியில் போய் நின்று பார்த்தவள். ஆனால் அது வேறு நாவல்.

ஜனவரி 19, மதியம்

அண்ணன் வந்திருந்தார். இரண்டு தப்பைத் திருத்த வேண்டும்.

முதலாவது: எல்லா மாடியிலும் ஆள் இல்லை. அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஒம்பதும் எட்டும் இருட்டு. யாரும் கதவு திறக்கல. ஒம்பதாவதுல டிவி சத்தம் கேட்டுச்சு, ஆனா தொறக்கல. நான் காலால தடவித் தடவித்தான் எறங்குனேன். ஏழாவதுல வெளிச்சம் பார்த்தப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சு.”

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இரண்டு மாடிக்கும் நானே விளக்குப் போட்டுவிட்டிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு விளக்கு கூடியிருக்கும். தங்கச்சி கேட்டது நல்லதாகப் போயிற்று. நாவலில் எட்டும் ஒன்பதும் இருட்டாகவே இருக்கணும். தம்பி கேட்ட மூன்றாவது வழி இந்த இரண்டு மாடியில்தான் இருக்கிறது என்று இப்போது படுகிறது. இருட்டை எடுத்துவிட்டால் ஏழாவது மாடி வெளிச்சத்துக்கு என்ன வேலை? அண்ணன் அங்கே ஏன் அழணும்?

இரண்டாவது தப்பு அடுப்பு. நான்கு என்று எழுதியிருந்தேன். ஐந்து என்கிறார். சமையல் முடியும் நேரமாகிவிட்டது, அதை ராத்திரிக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 19, இரவு

ஐந்தாவது அடுப்பு.

மாடிப்படிக்குக் கீழே, பலகை அடித்து மறைத்த ஒரு இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் கப்பல் தாத்தா என்று கூப்பிடுவோம். தமிழ்நாட்டிலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர். அப்பாவோடு தொங்கானில் வேலை. குடும்பம் ஊரில், இராமநாதபுரத்துப் பக்கம். சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கேட்டபோது நிறையப் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே இருந்தார். பிறகு சிதம்பரம் கப்பலில் போகிறேன் என்றார். 1985இல் அது தீப்பிடித்து அதோடு அந்த ஓட்டமே நின்றுபோயிற்று. விமானத்தில் போங்கள் என்றால், “அதுல என்னா தெரியும்? கடலு தெரியாதே” என்பார்.

அவருக்கு ஒரு அடுப்பு இருந்தது. வந்த புதிதில் வாங்கினாராம். சமைக்கத் தெரியாது. காலையில் கடையில் ரொட்டி, ராத்திரி யாராவது கொடுப்பது. அந்த அடுப்பு மூலையில் சும்மாவே இருக்கும். அதனால்தான் என் எண்ணிக்கையில் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் நான்கு வீட்டுப் பெண்களில் ஒருவர் முறைபோட்டு அதைப் பற்றவைத்துவிடுவார்கள். வீடு இருக்கிற மனுசன், அடுப்பு ஆறிக் கிடக்கக் கூடாது என்று. அதில் அவருக்கென்று ஒரு சொம்பு அரிசி பொங்கும். அண்ணனுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரி வாங்கி வருவது அவர் வேலை, ஐந்தாவது அடுப்புக் கரியைத் தனியாகக் கட்டி வருவாராம். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “நாலு வீட்டு மூட்டையிலயும் ரெண்டு ரெண்டு துண்டு எடுத்துடுவேன்” என்றார். எழுபது வயசில் அதைச் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார், அம்மா காதில் விழுந்துவிடும் என்பது போல.

தம்பி, உங்கள் நாவல்களில் கடைசியில் வருகிற அந்தச் சாப்பாட்டு மேசை எங்களுக்கு இதுதான். எங்கள் கதையில் இது கடைசியில் வரவில்லை, முதலிலேயே இருந்தது. இடம் மாறிய பிறகு அது வேறு எங்கே தலைகாட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நாவலாசிரியர் வேலை.

ஜனவரி 20

பட்டர்வொர்த்திலிருந்து, அந்த நாவலை நீங்களே எழுதுகிறீர்களா என்று கேட்ட அண்ணனுக்கு: ஆமாம், எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூட நோட்டில் எண்பது பக்கம். போன வருஷத்திலிருந்து. இங்கே சொல்லாமல் இருந்தது, நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில்.

ஜனவரி 30

சீனப் பெருநாள் இரண்டாம் நாள். சீனத்தியின் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சீனத்தி இப்போது இல்லை. மகள் கதவைத் திறந்ததும் அவள் அம்மா மாதிரியே “ச்சியா பா போய்?” என்றாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் உள்ளே விட்டதில்லை.

பேச்சு பழைய வீட்டுக்குப் போயிற்று. இங்கே நான் இன்னொன்றைத் திருத்தணும். “வீட்டுக்காரர் துரத்திவிட்டார்” என்று முதல் நாள் எழுதினேன். என் நோட்டிலும் அவர் தங்கப்பல் கட்டிய ஒரு தவுக்கேயாகத்தான், பணக்காரச் சீன முதலாளியாகத்தான் இருக்கிறார். உண்மையில் வீட்டுக்காரர் ஒரு விதவை அம்மாள். அவருக்குச் சொந்தமாக இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். அவரே இன்னொருத்தர் வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாராம். வீடு மொத்தத்துக்கும் அவர் கைக்குப் போனது மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்). நாங்கள் ஒரு குடும்பம் மட்டும் 38 வெள்ளி கொடுத்தோம். நடுவில் ஒரு தலைக் குடித்தனக்காரர் இருந்தார், வாங்கி வாங்கி உள்வாடகைக்கு விட்டவர். அவர்தான் எங்களுக்கு “வீட்டுக்காரர்”. அந்த 60 வெள்ளியில் ஓடு மாற்ற முடியுமா? கூரை ஒழுகும்போதெல்லாம் நாங்கள் அந்த முகம் தெரியாத அம்மாளைத் திட்டினோம். எங்களுக்குச் சோறு போட்ட சட்டம் அவரைப் பட்டினி போட்டிருக்கிறது.

இது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. வில்லன் இல்லாமல் எழுதினால் கோபம் எங்கே போகும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கோபம் இருக்கணும். நாற்பது வருஷம் குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற ஏற்பாடு இல்லாமல் ஒரு தேதி குறித்தார்களே, அதன் மேல் இருக்கணும். அந்த அம்மாளுக்கு ஒரு அத்தியாயம் கொடுக்கப்போகிறேன். பதினொரு பக்கத்தைக் கிழித்தாயிற்று.

பிப்ரவரி 10, காலை

செட்டிப் பூசம், தைப்பூசத்துக்கு முந்தின நாள். விடிகாலையில் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து கிளம்பியதைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். அண்ணனும் வந்திருந்தார். அங்கே இப்போது எங்கள் ஆட்கள் யாரும் குடியில்லை, ஆனால் ரதம் வரும்போது எல்லாரும் வந்துவிடுகிறார்கள். பார்லிமிலிருந்து, பாயான் பாருவிலிருந்து, அக்கரையிலிருந்து. பழைய தெரு ஒரு நாளைக்குத் தெருவாகிவிடுகிறது. சீனர்கள் குவித்து வைத்திருந்த தேங்காய் மலைபோல இருந்தது. உடைத்து முடித்ததும் தெருவெல்லாம் தேங்காய்த் தண்ணீர் வாசனை. அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் நடந்தார், சின்ன வயசில் நடந்தது போலவே.

திரும்பும்போது கிங் ஸ்ட்ரீட் வழியாக வந்தோம். எங்கள் வீடு கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு பறவைக்கூட்டு வீடாக்கினார்கள். ஜன்னலையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து, கைநுழையும் ஓட்டைகள் மட்டும் விட்டு, உள்ளே குருவிச் சத்தத்தை டேப்பில் போட்டுவிடுவார்கள். உண்மையான பறவை அதைக் கேட்டுக் கூடுகட்ட வரும். நாங்கள் தூங்கிய அறையில் சூப்புக்குப் போடுகிற பறவை எச்சில் கூடு, கிலோ கணக்கில் விலை. 2008இல் ஜோர்ஜ்டவுன் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பறவை வீடுகளை 2013 கடைசிக்குள் ஊருக்குள்ளிருந்து எடுக்கச் சொன்னார்கள். இப்போது அது தங்கும் விடுதி. ஜன்னல் திறந்திருக்கு, பச்சைப் பெயிண்ட், ஓடு புதுசு. வீட்டைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்கு எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. இடித்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

கீழே காப்பி விற்கிறார்கள். உள்ளே போனோம். சமையல்கட்டு இருந்த இடத்தில் சின்னக் குளம், மீன். மாடிப்படி அதேதான். அடியில் பலகை இல்லை, அங்கே ஒரு விளக்கும் குடைகள் வைக்கிற ஜாடியும். காப்பி கொண்டுவந்த பெண் நேப்பாளத்துப் பிள்ளை. அண்ணன் மலாயில், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா, ஒரு மகன் என்றாள். மகனுக்கு எத்தனை வயசு என்று கேட்டார். ஆறு. எப்போது போவாய் என்றார். அடுத்த வருஷம் என்றாள்.

அண்ணன் அதற்குப் பிறகு காப்பியைத் தொடவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, அர்ச்சனைத் தட்டில் இருந்த இரண்டு வாழைப்பழத்தையும் தேங்காய் மூடியையும் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

பிப்ரவரி 13

தம்பி கேட்டிருக்கிறார், அந்த நேப்பாளப் பெண் நாவலில் வருவாளா என்று. வருவாள். அவளுக்காகத்தான் கடைசி அத்தியாயத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் அம்மாவின் பதினாறாம் நாளோடு முடிப்பதாக இருந்தேன். இப்போது கதை இன்னும் இருபது வருஷம் ஓடணும்.

வீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. மகளாக வருகிறவள் அந்த விடுதியில் ஒரு ராத்திரி காசு கொடுத்துத் தங்குவது போல ஒரு இடம் எழுதியிருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன். படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அது என்னை நானே தடவிக்கொடுத்த மாதிரி இருந்தது. கறிவேப்பிலைச் செடி இருக்கும். அது நிஜத்திலும் இருக்கு, மூன்றாவது டின்.

கப்பல் தாத்தா 1991இல் பொது ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்பாதான் கொள்ளி வைத்தார், பத்து லஞ்சாங் சுடுகாட்டில். ஊருக்குக் கடிதம் போட்டோம், பதில் வரவில்லை. முகவரியை அப்பா எழுதிய நோட்டு 2000இல் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. ஊர் திருவாடானைப் பக்கமா, முதுகுளத்தூர்ப் பக்கமா என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் ஒத்துவரவில்லை. தொங்கானில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இடது கையில் சுண்டுவிரல் இருக்காது. மூட்டைக் கயிறு அறுத்தது. கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், நான் தினமும் ராத்திரி பார்க்கிறேன்.